விற்பதற்காக அழகுபடுத்த வேண்டாம்: நன்றாகப் பேணிய பழைய கன்வெர்ட்டிபிளைக் கைமாற்றுவது பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். எட்டு வண்டிகள் கொண்ட உங்கள் சேகரிப்பிலிருந்து 1969 ஆம் ஆண்டு மெர்சிடிஸ்-பென்ஸ் 280 எஸ்எல் கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையை மடித்துத் திறக்கும் கார் ஒன்றை விற்க எண்ணுகிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அது உங்களிடம் இருக்கிறது. பெயின்ட்டில் பெரும்பகுதி தொழிற்சாலையில் அடித்தது. இருக்கைத் தோலும் அப்போதையது. மடிப்புக் கூரையின் துணி மட்டும் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. விற்பதற்கு முன் முழு வண்டிக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்து, வெடிப்பு விட்ட இருக்கைத் தோலையும் மாற்றினால் கூடுதல் விலை கிடைக்குமா, ஏலத்துக்குக் கொடுப்பதா நேரடியாக விற்பதா, விலையை எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். புதுப் பெயின்ட்டை எந்த நாளிலும் அடித்துக்கொள்ளலாம். அடித்தபின் பழையதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கைகாரராலும் முடியாது. வாங்குபவருக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் அவர் தம் விருப்பப்படி செய்துகொள்ளட்டும். செய்யாமல் விட்டுவைக்கும் உரிமையையும் சேர்த்துத்தான் நீங்கள் அவருக்கு விற்கிறீர்கள். பழைய வண்டி உலகில் ஒருகாலத்தில் புதுக் கருக்கு மாறாமல் மின்னும் வண்டிக்குத்தான் மதிப்பு இருந்தது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. 1966 இல் தொடங்கப்பட்ட ஃபிவா என்னும் பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு, குறைந்தது 30 ஆண்டுப் பழமையுடையதாகவும், வரலாற்றுக்கு ஒத்த நிலையில் பேணப்பட்டதாகவும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாகவும் இருப்பதையே வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. 1950 இல் தொடங்கிய கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சிப் போட்டியிலேயே, புதுப்பிக்காமல் காத்துவந்த வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பேணுவதற்கும் புதுப்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள்தான் உங்கள் வண்டிக்கு நல்ல விலை தரக்கூடியவர்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டிய நேரத்தில், அவர்கள் விரும்புவதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போவது சரியான வேலையாக இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் 1967 ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று இருந்தது. கதவுகளின் விளிம்பில் பெயின்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. பானெட்டில் சிறு கல்பட்ட தழும்புகள். மற்றபடி துருவே இல்லாத உடல். விற்பதற்கு முன் அதை நான்கு மாதம் பட்டறையில் விட்டு, கண்ணாடி போல் ஆக்கி எடுத்து வந்தேன். பார்க்க வந்த முதல் மனிதர் பெயின்ட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கைவிளக்கோடு மண்டியிட்டு, கதவுக்குக் கீழுள்ள பக்கச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பிறகு எழுந்து, "இதை அடிப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டார். என்னிடம் மூன்று படங்கள் இருந்தன, மூன்றும் தூரத்திலிருந்து எடுத்தவை. பளபளப்புக்கு அடியில் எதை மறைத்திருக்கிறேன் என்ற ஐயத்தை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசியில் அந்த வண்டி விற்றது. ஆனால் பெயின்ட்டுக்குச் செலவழித்ததில் பாதிகூடத் திரும்பவில்லை.

இனி உங்கள் வண்டியைப் பற்றி. 1963 மார்ச் மாதம் ஜெனீவா கண்காட்சியில் 230 எஸ்எல் ஆக அறிமுகமாகி, 250 எஸ்எல், 280 எஸ்எல் என வளர்ந்து 1971 வரை தயாரான வரிசை இது. ஹார்ட்டாப் எனப்படும் கழற்றி மாட்டும் கெட்டிக்கூரையின் நடுப்பகுதி விளிம்புகளைவிடத் தாழ்ந்து, கிழக்காசியக் கோயில் கூரை போலக் குழிந்திருப்பதால் பகோடா என்ற செல்லப்பெயர் பெற்றது. மூன்று வகைகளும் சேர்ந்து 48,912 வண்டிகள் தயாராயின. அவற்றில் ஏறக்குறைய பாதி, அதாவது 23,885, உங்களுடையதைப் போன்ற 280 எஸ்எல்கள். இந்த எண்ணிக்கையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது கிடைப்பதற்கரிய வண்டி அன்று. எந்த நேரத்திலும் சந்தையில் பல இருக்கும். எனவே அருமை என்று சொல்லி விலை கேட்க முடியாது. ஆனால் அந்தப் பலவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று முறை வெட்டி ஒட்டி, நிறம் மாற்றி, தோல் மாற்றி வந்தவை. தொடாமல் இருப்பதுதான் உங்கள் வண்டியின் அருமை. அதை நிரூபிப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

நிரூபிப்பது என்றால் எப்படி? முதலில், இந்த வண்டியின் பானெட், டிக்கி மூடி, கதவுகளின் வெளித்தகடு, மடித்த கூரையை மூடும் பின்மூடி ஆகியவை அலுமினியம். மட்கார்டுகள் உள்ளிட்ட மீதிப் பகுதி எஃகு. பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று காந்தத்தோடு வருகிறவர் பானெட்டில் வைத்துப் பார்த்து, அது ஒட்டாமல் நழுவி விழுவதைக் கண்டு முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி ஒன்றை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எஃகுக்கு மட்டும் வேலை செய்யும் மலிவான கருவி இந்த வண்டிக்கு உதவாது, அலுமினியத்தையும் அளக்கும் வகை வேண்டும். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். அதைப் போல இருமடங்கு காட்டினால் மேலே மறுபடி அடித்திருக்கிறார்கள் என்றும், ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தகட்டிலும் ஐந்தாறு இடங்களில் அளந்து, வண்டியின் கோட்டுப்படம் ஒன்றின் மேல் எண்களை எழுதிவையுங்கள். பெரும்பகுதி தொழிற்சாலைப் பெயின்ட் என்று எழுதுகிறீர்கள் அல்லவா, மீதிப் பகுதி எது என்பதை இந்தத் தாள் சொல்லிவிடும். இடது பின் மட்கார்டில் 340 மைக்ரான் காட்டினால் காட்டட்டும், அதையும் எழுதுங்கள். ஓரிடத்தில் குறையை ஒப்புக்கொண்ட தாளை, மற்ற இடங்களிலும் நம்புவார்கள்.

அடுத்து, பானெட்டைத் திறந்தால் முன் மட்கார்டு உட்புறத்தோடு சேரும் விளிம்பில் தொழிற்சாலை போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் சிறுசிறு குழிகளாகத் தெரியும். முன்பக்கம் அடிபட்டு மட்கார்டு மாற்றிய வண்டிகளில் இந்தக் குழிகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், அல்லது பட்டிக்கு அடியில் மங்கிக் கிடக்கும். பகோடாவை அறிந்த எவரும் முதலில் குனிந்து பார்க்கும் இடம் இதுதான். ஆகவே நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, இந்த விளிம்பை இரு பக்கமும் படம் எடுங்கள்.

மூன்றாவதாக எண்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் ஒவ்வொரு வண்டிக்கும் டேட்டா கார்டு என்ற தகவல் அட்டையை வைத்திருந்தது. அதில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், பாடி எண், நிறக் குறியீடு, இருக்கைக் குறியீடு, வாங்கும்போது சேர்த்துக் கேட்ட கூடுதல் வசதிகளின் குறியீடுகள் எல்லாம் இருக்கும். உங்களிடம் இல்லையென்றால், உரிமையைக் காட்டி நிறுவனத்தின் கிளாசிக் பிரிவிடம் நகல் கேளுங்கள். கையில் கிடைத்ததும் வண்டியில் உள்ள ஒவ்வோர் எண்ணோடும் ஒப்பிடுங்கள். பாடி எண்ணின் கடைசி இலக்கங்கள் ஹார்ட்டாப் போன்ற கழற்றக்கூடிய உறுப்புகளிலும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த ஹார்ட்டாப் இந்த வண்டியோடு பிறந்ததா, வேறொன்றிலிருந்து வந்து சேர்ந்ததா என்பதை அதுவே சொல்லிவிடும்.

இங்கே சேகரிப்பாளர்களுக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் எட்டு வண்டிகள் பல ஆண்டுகள் நின்றால் அவற்றின் சாமான்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவசரத்துக்கு எடுத்த ஜாக்கி வேறு வண்டியின் டிக்கிக்குள் போய்விடும். கருவிப் பையிலிருந்த ஸ்பேனர் மேசை இழுப்பறையில் கிடக்கும். ஸ்டெப்னி வீல் யாருடையது என்று யாருக்கும் நினைவிருக்காது. மாற்றுச் சாவி எந்த வளையத்தில் மாட்டியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. விற்பனை பற்றிப் பேச்செடுப்பதற்கு முன் ஒரு முழு நாளை ஒதுக்கி, இந்த வண்டிக்கு உரியவற்றை எல்லாம் தேடி எடுத்து ஒரே இடத்தில் பரப்பிவையுங்கள். அமெரிக்காவுக்காகத் தயாரான வண்டியாக இருந்து, யாரோ ஒருவர் முகப்பு விளக்குகளை ஐரோப்பிய வகைக்கு மாற்றியிருந்தால், கழற்றிய பழைய விளக்குகள் எங்கே என்பது நிச்சயம் கேட்கப்படும். கழற்றிய பழைய கூரைத் துணி, பழைய ரேடியோ போன்றவை குப்பை போலத் தோன்றினாலும் தூக்கி எறியாதீர்கள். துணியின் நிறத்துக்கும் நெசவுக்கும் அந்தக் கிழிந்த துண்டைவிட நல்ல சான்று வேறில்லை.

கன்வெர்ட்டிபிள் என்பதால் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. விற்பவராகிய நீங்களே அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். நிலையான கூரையுள்ள காரில் கூரையும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கும். திறந்த காரில் அந்தப் பங்கு முழுவதும் தரைத்தட்டுக்கும் கதவுக்குக் கீழுள்ள பக்கச்சட்டங்களுக்கும் வந்துவிடுகிறது. அவை உள்ளிருந்து துருப்பிடித்தால் வண்டியின் நடு மெல்லத் தொய்கிறது. தொய்ந்தால் கதவின் மேல்பகுதியில் இடைவெளி குறுகி, கீழே அகலும். கதவுகளை மூடி இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். பிறகு வண்டியை ஜாக்கி புள்ளியில் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் அதே கதவைத் திறந்து மூடுங்கள். எந்த உரசலும் இல்லாமல் மூடினால் அதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுத்துவையுங்கள். பத்துப் பக்க விளம்பரம் செய்யாததை அந்த அரை நிமிடம் செய்யும். பக்கச்சட்டங்களிலும் கூரை மடங்கி அமரும் குழியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை காய்ந்த இலையும் தூசியும் அடைத்துக் கிடந்தால் மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வண்டியின் அடிப்பக்கத்துக்கு மட்டும் கறுப்புத் தார்ப்பூச்சு எதையும் புதிதாக அடிக்காதீர்கள். அடிப்பக்கம் புதுக் கறுப்பாக இருக்கும் பழைய வண்டியைக் கண்டால், அறிந்தவர்கள் அடுத்த கேள்வி கேட்காமலே கிளம்பிவிடுவார்கள்.

கூரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சேகரிப்பில் நிற்கும் பகோடாக்கள் பெரும்பாலும் ஹார்ட்டாப் மாட்டியபடியே ஆண்டுக்கணக்கில் நிற்கும். துணிக்கூரை மூடிக்கு அடியில் மடிந்தபடி கிடக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. பத்தாண்டு கழித்துத் திறந்தால் மடிப்புகள் நிரந்தரமாகப் பதிந்து, பின்புற பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளித்து வரிவரியாக வெடித்திருக்கும். எலி கூடு கட்டியிருந்தாலும் வியப்பில்லை. ஆகவே விளம்பரத்துக்குப் பல வாரம் முன்பே, இரண்டு பேர் சேர்ந்து ஹார்ட்டாப்பைத் தூக்கி இறக்கிவிட்டு, வெயிலோ இளஞ்சூடோ உள்ள நாளில் துணிக்கூரையை மெதுவாக எழுப்பி மாட்டி, சில நாள் அப்படியே விடுங்கள். குளிர்ந்த நேரத்தில் பிளாஸ்டிக் ஜன்னலை மடிக்கவோ விரிக்கவோ செய்தால் அது உடையும். ஈரத்துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துணிக்கூரையே இல்லாமல், ஹார்ட்டாப்பும் பின்னிருக்கையும் மட்டும் கொண்டு வந்த கலிஃபோர்னியா கூபே என்ற வகையும் இந்த வரிசையில் இருந்ததால், உங்களுடையது எந்த வகை என்பதை விளம்பரத்தின் முதல் வரிகளிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தொடாதீர்கள் என்று சொன்னது தோற்றத்தைத்தான். இயந்திரப் பகுதியைத் தொடாமல் விடுவது பேணுதல் ஆகாது. ஓடாமல் நிற்கும் வண்டிதான் அதிகம் கெட்டுப்போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. 280 எஸ்எல்லில் எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து அனுப்ப, ஆறு பிளஞ்சர் (மேலும் கீழும் இயங்கும் சிறு தண்டு) கொண்ட பாஷ் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் பம்ப் இருக்கிறது. நெடுநாள் கிடந்த பெட்ரோல் கெட்டிப்பட்டுப் பிசினானால் பிளஞ்சர்கள் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பம்பைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் மிகக் குறைவு. பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு டேங்கின் உட்புறத்தைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். ஆகவே எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சுவதே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, சேகரிப்பு வண்டிகளில் மறந்துபோகும். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் என்பதால், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் பிஸ்டன்கள் இறுகியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 2000 ஆம் ஆண்டு முதல் நான்கு இலக்கத் தேதிக்குறி உண்டு: 2308 என்றிருந்தால் 2008 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். கடைசியில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது போன நூற்றாண்டு டயர். பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் பத்தாண்டைத் தாண்டிய டயரை மாற்றுங்கள். அந்த டயரோடு ஒருவரை ஓட்டிப் பார்க்கச் சொல்வது முறையில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) அளந்து, எண்களைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து விழுக்காட்டுக்குள் வேறுபாடு இருந்தால் அந்தத் தாளும் உங்கள் பக்கம் பேசும்.

இருக்கைத் தோலை மாற்ற வேண்டாம். பழைய தோலுக்கு உரிய குழம்பைத் தேய்த்து மென்மையாக்கினால் போதும், சாயம் பூசக்கூடாது. பெயின்ட்டுக்கும் அதே கதைதான். மேலே தெளிபூச்சு இல்லாத பழைய பெயின்ட் என்றால் பாலிஷ் துணியில் நிறம் இறங்கும், அதாவது ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் பெயின்ட் போகிறது. விளிம்புகளில் அது ஏற்கெனவே மெலிந்திருக்கும். மெஷின் பாலிஷ் என்ற பேச்சே வேண்டாம். கையால் கழுவி, மெழுகு பூசி நிறுத்துங்கள்.

ஆவணங்களைக் கால வரிசையில் ஒரே கோப்பில் அடுக்குங்கள். முதல் உரிமையாளரின் பெயர் தெரிந்தால், அவர் காலத்துச் சேவைப் புத்தகம், பிறகு ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆதாரம், உங்கள் இருபத்திரண்டு ஆண்டுப் பில்கள், ஒவ்வொரு பில்லிலும் ஓடோமீட்டர் எண். ஓடோமீட்டர் காட்டும் தூரம் உண்மையானது என்பதற்கு இந்த எண்கள் சீராக ஏறிக்கொண்டே வருவதைத் தவிர வேறு சான்று கிடையாது. இடையில் பத்தாண்டுக் காகிதம் இல்லையென்றால், "தூரம் இவ்வளவு" என்று எழுதாமல் "மீட்டர் காட்டுவது இவ்வளவு" என்றே எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சட்டத்திலும் பெரியது.

இனி எந்த வழி என்பது. ஏல நிறுவனத்துக்குக் கொடுத்தால் கூட்டம் வரும், பணம் பாதுகாப்பாகக் கைக்கு வரும், ஆனால் செலவு பல வடிவில் வரும்: விற்பவர் தரகு, பதிவுக் கட்டணம், படங்களுக்கான கட்டணம், வண்டியைக் கொண்டுபோகும் செலவு. குறைந்தபட்ச விலை ஒன்றை நிர்ணயித்து, அதற்குக் கீழே போனால் விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அதை மிக உயர்த்தி வைத்து வண்டி விலைபோகாமல் திரும்பினால், அந்தப் பதிவு இணையத்தில் நிலைத்து நிற்கும், ஓராண்டு கழித்து வருகிற ஒவ்வொருவரும் "அன்று ஏன் போகவில்லை?" என்றே தொடங்குவார்கள். இணைய ஏலத்தில் செலவு குறைவு. ஆனால் ஏலம் நடக்கும் நாட்களில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் அன்றன்றே பொறுமையாகப் பதில் எழுத உங்களால் முடிய வேண்டும். விற்பனையாளரிடம் ஒப்படைத்து விற்றால் தலைவலி குறையும். ஒப்பந்தத்தில் எத்தனை மாதம், எவ்வளவு தரகு, வண்டிக்கு யார் காப்பீடு, பணம் எத்தனை நாளில் உங்களுக்கு என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், முதலில் இந்த வகை வண்டிக்கென இயங்கும் உரிமையாளர் சங்கத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். காந்தம் ஏன் ஒட்டவில்லை என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. தேய்ந்த கதவு விளிம்பைக் குறையாகப் பார்க்காதவர்களும் அங்கேதான் அதிகம். இரண்டு மூன்று மாதத்தில் அமையாவிட்டால் இணைய ஏலம். குளிர்காலம் கடுமையான நாடுகளில் திறந்த காரை வசந்தத்தின் தொடக்கத்தில் விற்பனைக்கு வைப்பது பழைய வழக்கம். அது வீண் வழக்கமும் அன்று.

விலையைப் பொறுத்தவரை, கேட்ட விலைகளைப் பார்க்காதீர்கள், விற்ற விலைகளைப் பாருங்கள். கடந்த ஓரிரு ஆண்டில் ஏலங்களில் போன 280 எஸ்எல்களை மட்டும் எடுத்து, கியர்பாக்ஸ் வகை, ஸ்டீயரிங் இருக்கும் பக்கம், எண்கள் பொருந்துகின்றனவா, பெயின்ட் பழையதா புதியதா என்று பிரித்து எழுதுங்கள். தொழிற்சாலையிலிருந்தே வந்த, இசட்எஃப் நிறுவனத்தின் ஐந்து வேக கியர்பாக்ஸ் மிக அரிது. உங்களுடையதில் அது இருந்தால் கணக்கே வேறு. மிக உயர்ந்த ஒன்றையும் மிகத் தாழ்ந்த ஒன்றையும் விட்டுவிடுங்கள். ஏதோ ஒரு மாலையில் இரண்டு பேர் வீம்புக்கு மோதிக்கொண்ட விலை உங்களுக்கு அளவுகோல் ஆகாது. ஏல நிறுவனங்கள் வெளியிடும் தொகையில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்குப் போனது அதைவிடக் குறைவு. காப்பீட்டுக்காக ஒப்புக்கொண்ட மதிப்பையும் விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு ஆண்டில் நீங்கள் செலவழித்ததைக் கூட்டிப் பார்க்கும் எண்ணம் வந்தால், அந்தக் கணக்கை விளம்பரத்தில் சேர்க்காமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அது ஓட்டியதற்கான செலவு. விற்ற லாபத்துக்கு வரி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். விலை பேசுவதற்கு முன் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

பார்க்க வருபவர் வரும் நாளில் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். பானெட்டில் கைவைத்து அது குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அனுபவசாலியின் முதல் வேலை. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, முதலில் எவ்வளவு புகை, எத்தனை நொடியில் நிலைப்படுகிறது என்பதை அவர் தம் காதால் கேட்கட்டும். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், ஆயில் சூடானபின் அவருக்குக் கொடுங்கள். அதற்கு முன் அவருடைய ஓட்டுநர் உரிமத்தையும், காப்பீடு அவரையும் உள்ளடக்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அவர் வேறொரு வல்லுநரைக் கொண்டுவந்து வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண்ணை உண்மையாக வாங்க விரும்புகிறவருக்குக் கொடுங்கள், பதிவுச் சான்றின் முழுப் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். வண்டியைப் பார்க்காமலே முழு விலைக்கு ஒப்புக்கொண்டு, விலையைவிட அதிகத் தொகை அனுப்புகிறேன், மிச்சத்தை வண்டியை ஏற்றிச் செல்லும் முகவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதுபவர் வாங்குபவர் அல்லர். அந்தப் பணம் கணக்கில் வந்ததுபோலத் தெரிந்து பிறகு திரும்பிப் போய்விடும், நீங்கள் கொடுத்தது மட்டும் திரும்பாது. பணம் வந்து சேர்ந்துவிட்டது என்பதை உங்கள் வங்கியே உறுதிசெய்த பிறகுதான் சாவியும் காகிதமும் கைமாற வேண்டும். அன்றைக்கே உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வாங்கியவர் வண்டியை எடுத்துப் போக வரும் நாளில் இரண்டு மணி நேரத்தை அவருக்காக ஒதுக்குங்கள். துணிக்கூரையை எந்த வரிசையில் எழுப்புவது, எந்தக் கொக்கியை முதலில் விடுவது, பின்மூடி தயங்கினால் எந்த இடத்தில் உள்ளங்கையால் அழுத்துவது என்பதெல்லாம் இருபத்திரண்டு ஆண்டில் உங்கள் கைக்குப் பழகியவை. எந்தக் கையேட்டிலும் அந்த அளவுக்கு எழுதியிருக்காது. அவரையே மூன்று முறை ஏற்றி இறக்கச் செய்து, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். பெயின்ட் தடிமன் தாள், டேட்டா கார்டு, பில் கோப்பு, மாற்றுச் சாவி, பழைய கூரைத் துணி வைத்த பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து, பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட்டாப்பைத் தூக்கி மாட்ட இன்னோர் ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் தனியாக வந்து நிற்கப்போகிறார்.